மண்பானைக்குள் இன்சுலின்

யாழ்ப்பாணத்துப் போர்க்காலம் பற்றி எழுதப்பட்டவற்றில் குண்டும் ஷெல்லும் உண்டு, படுகொலைகள் உண்டு, இடப்பெயர்வுகள் உண்டு. போரினால் அன்றி, போருக்கு முன்பிருந்தே நோயாளராக இருந்தவர்கள் அந்த ஆண்டுகளை எவ்வாறு கடந்தார்கள் என்பதை எழுதியோர் மிகச் சிலரே. பத்திரிகையாளனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதிய நானும் இதற்கு விலக்கல்லன். காயமடைந்தவர் செய்தியாவார். நாள்தோறும் இரு வேளை ஊசி போட்டுக்கொள்பவர் செய்தியாவதில்லை.

என்னுடைய சின்னம்மா ஒருவர் சாவகச்சேரியில் வாழ்ந்தவர். சந்தையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு. வளவில் இரண்டு பலா, நாலைந்து மா, வேலியோரம் தென்னைகள். தென்மராட்சியின் பலாப்பழமும் மாம்பழமும் குடாநாடு முழுவதும் பேர்பெற்றவை. அவற்றின் நடுவே நாற்பது வயதில் அவருக்குச் சலரோகம் வந்தது. பழுத்த பலாவை அறுத்து அயலவருக்குப் பங்கிட்டுவிட்டு, கையில் ஒட்டிய பாலைத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்துக்கொண்டு குரக்கன் பிட்டோடு அமர்வார். 1990க்கு முன்னரே குளிசை போதாமல் இன்சுலினுக்கு மாறிவிட்டார்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. யாழ்தேவியும் நின்றது. இன்சுலினை 2 பாகை முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைக்கவேண்டும் என்று போத்தலோடு வரும் தாளில் அச்சிட்டிருப்பார்கள். குளிர்சாதனப்பெட்டி வீட்டில் இருந்தது. அது துணி வைக்கும் அலுமாரியாயிற்று. சின்னம்மா பெரிய மண்பானையில் பாதிக்கு மணல் கொட்டி, அதனுள் சிறிய பானையை இறக்கி, மணலை ஈரமாக வைத்துக்கொண்டார். சிறிய பானைக்குள் ஒரு ரின். ரின்னுக்குள் துணி சுற்றிய இன்சுலின் போத்தல். வாய் ஈரச்சாக்கினால் மூடப்பட்டிருக்கும். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். பானை 8 பாகைக்கு இறங்காது. ஆனால் வெளியே 33 பாகை கொதிக்கும் சித்திரையில் உள்ளே சில பாகை குறைந்தாலும் போத்தல் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். குடாநாட்டில் எத்தனையோ வீடுகளில் இப்படிப் பானைகள் இருந்தன. யாரும் யாருக்கும் கற்பித்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். இன்சுலினை பாண்டிங், பெஸ்ற் முதலியோர் பிரித்தெடுத்தது 1921இல், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில். 1922 ஜனவரியில் அதே நகரத்து வைத்தியசாலையில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் ஏற்றப்பட்டது. இன்று தென்மராட்சியாரின் பிள்ளைகள் பல்லாயிரவராக வாழும் நகரம் அது. அக்காலத்தில் ரொறன்ரோவிலிருந்த மகன் தாய்க்குக் கடிதம் எழுதினால் கிடைப்பதற்கு மாதக்கணக்காகும்.

மருந்து முற்றாகத் தடைசெய்யப்பட்டிருக்கவில்லை. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி, பட்டியலில் வெட்டுக்கொத்து, கப்பல், கடல் நிலை, செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடி ஆகிய யாவும் கூடிவந்தால் மருந்து வரும். சீனி, சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி எல்லாம் தட்டுப்பாடு. “சீனி வருத்தக்காரருக்குத்தான் இந்தத் தடையால் லாபம், தம்பி” என்று சின்னம்மா சொல்லிச் சிரித்ததுண்டு. மண்ணெண்ணெய் இல்லாமையின் பொருள், ஊசியைக் கொதிக்கவைக்க விறகு வேண்டும் என்பதே. ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்துப் போட்டுக்கொண்டார். முனை மழுங்கியதும் புதியதைத் தேடுவார்.

மருந்தில்லாதபோது நாட்டு வைத்தியத்தை நாடினோர் பலர். அது நம் மண்ணுக்குப் புதிதன்று. பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் ஆரியச்சக்கரவர்த்திகளின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கி நிற்பவை. சாவகச்சேரிக்கு அணித்தாயுள்ள கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவம் கற்பித்துவருகிறது. இன்சுலின் இன்றி உயிர்வாழ முடியாதவருக்கு மூலிகை மாற்றாகாது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதை நம்பி ஊசியை விட்டவர்களை நான் அறிவேன்.

மேல்நாட்டு வைத்தியமும் இங்கு வந்து நெடுங்காலமாயிற்று. அமெரிக்க மிஷனரிமார் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே சாவகச்சேரியிலும் நிலையம் கண்டவர்கள். அவர்களுள் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வந்தார். பொஸ்ரனில் ஈதர் மயக்கமருந்து பகிரங்கமாகப் பயன்பட்டுச் சரியாக ஓராண்டே ஆகியிருந்தது. வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணியாற்றிய அவர், தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். சத்திரசிகிச்சை பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867இல் வந்தது. கிறீனைப் போற்றுவோர் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். எனக்கு அவருடைய கடைசிப் பத்தாண்டுகளே முக்கியமாகத் தோன்றுகின்றன. 1873இல் உடல்நலம் கெட்டு வூஸ்ரர் நகருக்குத் திரும்பினார். முழுச்சுகம் பின்னர் கிட்டவில்லை. ஆயினும் அங்கிருந்தே தமிழ் மருத்துவ நூற்பணியைத் தொடர்ந்தார். 1884இல் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பமாயிருந்தது. நோயுற்ற வைத்தியர் ஒருவர், எண்ணாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, தாம் இனிக் காணப்போகாத நோயாளருக்காக எழுதிக்கொண்டிருந்தார்.

சின்னம்மாவுக்குத் திரும்புகிறேன். 1994இல் வலக்காலில் செருப்புக் கடித்த சிறு கொப்புளம் புண்ணாயிற்று. சலரோகத்தில் நரம்பு மரத்துவிடும்; வலி தெரியாது. வலி தெரியாததால் கவனம் பிந்தும். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்த பின்னரே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பத்து மைல் தூரம், மண்ணெண்ணெயில் ஓடிய வாகனம், இரண்டு மணித்தியாலப் பயணம். 1987 ஒக்ரோபரில் இந்தியப் படையினர் புகுந்து வைத்தியர், தாதியர், நோயாளர் எனப் பலரைச் சுட்டுக்கொன்ற அதே கட்டடம். 1990 இறுதியிலிருந்து அதைச் சுற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பு வலயம் இருந்தது. சத்திரசிகிச்சைக்கு மின்பிறப்பாக்கியின் எரிபொருளைக் கணக்குப் பார்த்து நாள் குறித்தார்கள். இரு விரல்கள் அகற்றப்பட்டன. கால் தப்பியது.

வீடு திரும்பிய பின்னரே கடினமான பகுதி தொடங்கிற்று. சத்திரசிகிச்சை ஒரு மணித்தியாலம். புண் ஆற நாலு மாதம். பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து, அவித்து, வெயிலில் உலர்த்தி மருந்து கட்டினோம். உப்புத்தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கழுவினோம். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் புண்ணின் ஓரம் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிதல்ல. கிணற்றடிக்கு ஒரு காலால் நடந்தார். சமையலை மட்டும் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

கொழும்புக்குப் போகவேண்டிய நோயாளரின் நிலை இதனிலும் கொடிது. புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை மகரகமையில். ஆனையிறவுப் பாதை மூடியிருந்தது. கிளாலியில் இரவில் படகேறி நீரேரியைக் கடக்கவேண்டும். அந்நீரேரியில் 1993 ஜனவரி 2ஆம் திகதி பயணிகள் கொல்லப்பட்டார்கள். அதன்பின்னரும் நோயாளர் படகேறினார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது 2013இல்தான்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை வலிகாமம் எழுந்து நடந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், நாவற்குழிப் பாலம், கோப்பாய் - கைதடிப் பாலம் என்னும் இரண்டு ஒடுங்கிய வழிகளால், கொட்டும் மழையில் தென்மராட்சிக்குள் வந்தார்கள். பெரியாஸ்பத்திரியின் பணியாளரும் நோயாளரும் தென்மராட்சி, வடமராட்சி எனப் பிரிந்தார்கள். சின்னம்மாவின் வீட்டில் அன்றிரவு இருபத்திமூன்று பேர். நாங்களும் அதில் அடக்கம். அந்நெரிசலில் இருதய நோயாளர், இழுப்புக்காரர், பேறுகாலப் பெண்கள் எல்லோரும் நடந்தார்கள். மருந்துத் துண்டு நனைந்து எழுத்தழிந்துபோன முதியவர் ஒருவர், தாம் குடிப்பது மஞ்சள் குளிசை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இடம்பெயர்ந்து வந்த இன்னொரு சலரோகப் பெண்ணின் போத்தலும் சின்னம்மாவின் பானைக்குள் புகுந்தது. தையில் எண்ணியபோது பானைக்குள் ஐந்து போத்தல்கள். துணியில் பெயரெழுதி ஒட்டியிருந்தார்கள்.

1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் நகர்ந்ததும் மக்கள் வலிகாமம் திரும்பினார்கள். நான்காண்டுகளில் காட்சி தலைகீழாயிற்று. 2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவு வீழ்ந்தது. மே மாதம் போர் தென்மராட்சிக்குள் வந்தது. இம்முறை சாவகச்சேரி மக்கள் வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் ஓடினார்கள். செப்டெம்பரில் இராணுவம் நகரைத் திரும்பக் கைப்பற்றியபோது நகரமென்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கிளினிக் கொப்பியும் உடுப்புப் பையும். பானையைக் கொண்டுவர முடியவில்லை என்று இரண்டுமுறை சொன்னார். எங்கள் வீட்டில் அப்போது மின்சாரம் நாளுக்குச் சில மணித்தியாலம் வந்தது; புதிய பானை வாங்கிக் கொடுத்தோம்.

2002இல் ஏ9 திறந்து, 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் மீண்டும் மூடியது. அம்மூடலின்போது, 2007இல், சின்னம்மா சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். கொழும்புக்கு அனுப்பக் கப்பலுக்குப் பதிந்திருந்தோம். முறை வரவில்லை.

போர் முடிந்த பின்னர் எல்லாம் சீராயிற்று என்று எவரும் எண்ணவேண்டாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் மருந்து தட்டுப்பட்டது. மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலையே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. தெற்கிலுள்ளோர் அதைப் புதிதாகக் கண்டார்கள். 2024 யூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் குறைபாடுகள் பகிரங்கமாக, ஊர்மக்கள் வாசலில் திரண்டார்கள். அதில் யார் சரி, யார் பிழை என்பது வேறு விடயம். திரண்டவர்களில் பலர் கையில் கிளினிக் கொப்பியோடு நின்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

சின்னம்மாவின் கொப்பிகள் நான்கு என்னிடமுள்ளன. திகதி, சீனியின் அளவு, இன்சுலின் அலகு, வைத்தியரின் கிறுக்கல். 1995 ஒக்ரோபர் 19க்குப் பின் அடுத்த பதிவு 1996 யூன் 4. இடையிலுள்ள அரைப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதன் ஓரத்தில் பென்சிலால் ஐந்து பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிரே காலை, மாலை என்று இரண்டு எண்களுடன்.