எவ்வளவு தூரம் போவாள்?

அமெரிக்கக் கூடைப்பந்தில் முதல் ஆண்டு ஆட வருபவரை ‘ரூக்கி’ என்பார்கள். ரூக்கிகளை அருகருகே நிறுத்தி, யார் நிலைப்பார், யார் இரண்டே வருடத்தில் காணாமல் போவார் என்று கணிப்பது அங்கே சம்பளம் வாங்கிச் செய்யும் வேலை. உயரம், கையின் நீளம், முழங்காலில் பட்ட பழைய காயம், எறிந்த பந்துகளில் எத்தனை கூடையில் விழுந்தன என எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. படிக்கும்போது மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது எனக்கு நினைவுக்கு வரும்.

2024-இல் அந்தத் தராசில் இரண்டு பெண்களை ஏற்றினார்கள். பெண்களுக்கான தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில், புதியவர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கெய்ட்லின் கிளார்க்கை இந்தியானா ஃபீவர் முதலாவதாக எடுத்தது. ஏஞ்சல் ரீஸை ஷிகாகோ ஸ்கை ஏழாவதாக எடுத்தது. கிளார்க் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 19.2 புள்ளிகள் எடுத்தார்; தோழியர் கூடை போடுவதற்குப் பந்தை அனுப்பிக் கொடுத்த ‘அசிஸ்ட்’ மட்டும் 337. லீகின் வரலாற்றில் ஒரே பருவத்தில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. ரீஸ் கூடையில் பட்டுத் திரும்பும் பந்துகளை ஆட்டத்துக்கு 13.1 வீதம் கைப்பற்றினார். அதுவும் அதுவரை யாரும் எட்டாத சராசரி. சிறந்த ரூக்கி விருதுக்கான 67 வாக்குகளில் 66 கிளார்க்குக்கு, ஒன்று ரீஸுக்கு.

பத்து ஆண்டு கழித்து இவர்களில் யார் பெரியவராக இருப்பார் என்ற விவாதம் அந்த ஆண்டு முழுவதும் ஓயவில்லை. கிளார்க்கா ரீஸா என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. ‘பத்து ஆண்டு கழித்து’ என்ற சொல்லைத் தாண்டித்தான் என்னால் போக முடியவில்லை. ஒரு பெண் பத்து ஆண்டு கழித்தும் ஆடிக்கொண்டிருப்பாள், ஆடுவதற்கு ஓர் இடம் இருக்கும், அதற்குச் சம்பளமும் வரும் என்று யோசிக்காமலே எடுத்துக்கொள்கிற அந்த உறுதி எப்போது வந்தது? டபிள்யூ.என்.பி.ஏ. தன் முதல் ஆட்டத்தை நடத்தியது 1997 ஜூனில். அதற்கு முன்பு வந்த பெண்களுக்கும் கால்களும் கைகளும் இருந்தன. அவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்று கணித்தவர்கள் எதைக் கணித்தார்கள்?

1983-க்குப் போய்ப் பார்ப்போம். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தேசியப் பட்டத்தை வென்றது. அந்த அணியில் இருவர்: செரில் மில்லர், சிந்தியா கூப்பர். அன்று யாரிடம் கேட்டிருந்தாலும் மில்லர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். சொன்னதில் குற்றமும் இல்லை. பள்ளியில் படிக்கும்போதே, 1982-இல், ஒரே ஆட்டத்தில் 105 புள்ளிகள் எடுத்தவர் அவர். கல்லூரி நான்கு ஆண்டுகளில் மூவாயிரத்துக்கும் மேல். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம். கல்லூரி ஆட்டத்தின் ஆகச் சிறந்தவருக்கான நெய்ஸ்மித் விருது தொடர்ந்து மூன்று முறை. கூப்பர் வாட்ஸ் பகுதியில், எட்டுப் பிள்ளைகளைத் தனியாக வளர்த்த ஒரு தாயின் வீட்டிலிருந்து வந்தவர். கூடைப்பந்தைத் தொட்டதே பதின்ம வயதில்தான். அணியில் அவருக்கு இருந்தது துணை வேடம்.

இருவரும் 1986-இல் கல்லூரி ஆட்டத்தை முடித்தார்கள். முடித்து எங்கே போவது? 1978-இல் தொடங்கிய பெண்களின் முதல் தொழில்முறை லீக் மூன்று பருவங்கள் தட்டுத்தடுமாறி 1981-இலேயே மூடிவிட்டது. நாட்டிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரருக்குத் தன் நாட்டில் ஆட இடமில்லை. பிறகு முழங்கால் காயம். 1988 சியோல் ஒலிம்பிக் போயிற்று. இருபத்து நான்கு வயதில் மில்லரின் ஆட்டம் ஏறத்தாழ முடிந்துவிட்டது.

முழங்காலைக் காரணம் சொல்லிவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். ஆனால் அவருக்கு ஒரு தம்பி இருந்தார், ரெஜி மில்லர். வரலாறு இவ்வளவு துல்லியமான ஒப்பீட்டை நமக்கு அடிக்கடி தருவதில்லை. ஒரே பெற்றோர், ஒரே வீடு, ரிவர்சைடில் அந்த வீட்டில் ஒரே கூடை. ரெஜி இடுப்பிலும் காலிலும் கோளாறுடன் பிறந்தவர். சிறு வயதில் காலுக்கு இரும்புக் கட்டுப் போட்டே நடந்தார். வீட்டு ஆட்டங்களில் அக்காவிடம் தோற்றுத் தோற்றுத்தான் தூரத்திலிருந்து எறியப் பழகினார். ஒருநாள் தன் பள்ளி ஆட்டத்தில் நன்றாக ஆடிவிட்டுப் பெருமையோடு வீடு வந்து எண்ணிக்கையைச் சொல்ல, அக்கா ‘எனக்கு 105’ என்றாராம். அந்தக் கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஐந்து வயதில் இருவரையும் நிறுத்தி ஒரு கணிப்பாளரை அழைத்திருந்தால் யாரைக் காட்டியிருப்பார் என்று சொல்லவே வேண்டாம். 1987-இல் ரெஜியை இந்தியானா பேசர்ஸ் பதினோராவதாகத் தேர்ந்தெடுத்தது. அதே அணியில் 18 பருவங்கள், 2005 வரை ஆடினார். அக்கா கல்லூரியில் அணிந்த எண்ணும் 31, தம்பி பேசர்ஸில் அணிந்த எண்ணும் 31. ரெஜியின் திறமையைக் குறைப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அவருக்கு முன்னால் ஒரு சாலை போட்டு வைத்திருந்தார்கள். அவர் அதில் நன்றாக ஓடினார்.

கூப்பர் என்ன ஆனார்? கடல் தாண்டிப் போனார். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆடினார். அமெரிக்கத் தொலைக்காட்சி அந்த ஆட்டங்களைக் காட்டவில்லை. சொந்த நாட்டின் பெரும்பாலான ரசிகர்களைப் பொறுத்தவரை அவர் இல்லாத ஒருவர். 1997-இல் லீக் தொடங்கியபோது ஹூஸ்டன் காமெட்ஸ் அணிக்கு வந்தார். வயது 34. பெரும்பாலானவர்கள் ஓய்வு பெறும் வயதில் அவர் அந்த லீகின் முதல் தலைமுறைப் புதுமுகம். அந்த ஆண்டு ஆட்டத்துக்கு 22.2 புள்ளிகளுடன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, மறு ஆண்டும் அதே விருது. 1997 முதல் 2000 வரை நான்கு ஆண்டும் பட்டம் ஹூஸ்டனுக்கு. நான்கு இறுதிச் சுற்றுகளிலும் சிறந்த ஆட்டக்காரர் கூப்பரே.

1998 இறுதிச் சுற்றில் ஹூஸ்டனை எதிர்த்து ஃபீனிக்ஸ் மெர்க்குரி ஆடியது. அதன் பயிற்சியாளர் செரில் மில்லர். கல்லூரியில் தனக்குத் துணையாக ஆடியவர் களத்தில் புள்ளிகளைக் குவிக்க, மில்லர் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். மில்லர் கூப்பரைவிட வயதில் இளையவர். ஹூஸ்டன் 2–1 என வென்றது.

இதை ஆமை முயல் கதையாக்கிவிடுவது எளிது. பலர் ஆக்கியும் இருக்கிறார்கள். கூப்பர் விடாமுயற்சியுடன் உழைத்தார், வென்றார், ஆகவே பெண்களே உழையுங்கள் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்தாண்டு வேற்றுமொழி ஊரில் தனியாக வாழ்ந்து, உடலைக் காப்பாற்றி, எப்போது வரும் என்று தெரியாத ஒரு லீகுக்காக ஒருத்தி ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது என்றால், அங்கே அளக்கப்பட்டது ஆட்டத் திறமை அல்ல. லீக் மூன்று ஆண்டு தள்ளி வந்திருந்தால் கூப்பரின் பெயரும் நமக்குத் தெரிந்திருக்காது.

மில்லருக்கு முன்னால் போனால் கணிப்பு என்ற பேச்சே இல்லை. மிசிசிப்பியின் மின்டர் சிட்டியில், குத்தகை நிலத்தில் பருத்தி விளைவித்த கறுப்பினக் குடும்பத்தில் 1955-இல் பிறந்தவர் லூசியா ஹாரிஸ். பதினோரு பிள்ளைகளில் பத்தாவது. உயரம் 6 அடி 3 அங்குலம். டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 1975, 76, 77 என மூன்று தேசியப் பட்டங்களை வென்று தந்தார். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் முதல் கூடையைப் போட்டவர் அவர்தான். 1977-இல் ஆண்களின் லீகான என்.பி.ஏ.வில் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி அவரை 137-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அவர் போகவில்லை. அப்போது அவர் கருவுற்றிருந்தார். ஆண்களோடு ஆடும் அந்த யோசனையும் அவருக்கு உவப்பாக இல்லை. பிறகு பெண்கள் லீகில் கொஞ்ச காலம், அதன் பிறகு பயிற்சியாளர் வேலை, ஆசிரியர் வேலை. மனநோயோடும் போராடினார். 1992-இல் நெய்ஸ்மித் புகழரங்கில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அவரைப் பற்றிய ஆவணப்படம் ‘கூடைப்பந்தின் ராணி’ 2022-இல் ஆஸ்கர் வாங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு அவர் இறந்திருந்தார்.

ஹாரிஸுக்கு முன்பே, 1969-இல், அயோவாவின் பள்ளி மாணவி டெனிஸ் லாங்கை சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் தேர்ந்தெடுத்தது. லீகின் ஆணையர் அதைச் செல்லாது என்றார். 1979-இல் ஆன் மேயர்ஸுக்கு 50,000 டாலர் ஒப்பந்தம் தந்து பேசர்ஸ் வரவழைத்தது. மூன்று நாள் தேர்வுக்குப் பிறகு அணியில் சேர்க்கவில்லை. ஆம், பின்னாளில் ரெஜி 18 பருவம் ஆடிய அதே அணி. மூன்று முறையும் செய்தி வந்தது, படம் வந்தது. ஆடுவதற்கு இடம் வரவில்லை.

இந்த அளவுகோலின் வேர் ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-இல் கூடைப்பந்தை உருவாக்கிய சில மாதங்களிலேயே, ஸ்மித் கல்லூரியின் செண்டா பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பெண் உடல் தாங்காது என்ற அச்சம் நிலவிய காலம். அவர் களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தார். மாணவிகள் ஆட அனுமதி கிடைப்பதற்கு அவர் கொடுத்த விலை என்றே இதை நான் வாசிக்கிறேன். ஆனால் விலை கொடுத்த தலைமுறை போன பிறகும் விதி நின்றது. பின்னாளில் மூன்று பகுதி இரண்டாகியது. அரைக்களத்தில் மட்டும் ஓடும் அந்த ஆறு பேர் ஆட்டம் அயோவா பள்ளிகளில் 1993 வரை நீடித்தது. விசித்திரம் என்னவென்றால், அதே அயோவாவில்தான் பெண்கள் ஆட்டத்துக்கு ஊரே திரண்டு வந்தது. கிளார்க் அந்த மண்ணில் வளர்ந்தவர்.

நம் ஊர்ப் பள்ளி மைதானங்களிலும் ‘நல்லா ஆடுறா, ஆனா எத்தனை நாளைக்கு?’ என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்பவர் அவள் காலைப் பார்த்துக் கேட்பதில்லை.

1997-க்குப் பிறகு இந்தக் கேள்வி மறைந்துவிடவில்லை, வடிவம் மாறியது. முதல் பருவத்தின் பெருமுகமாக விளம்பரப்படுத்தப்பட்ட ஷெரில் ஸ்வூப்ஸ் அந்த ஜூனில் பிள்ளை பெற்று, ஆறு வாரத்தில் களம் திரும்பினார். அதைச் சாதனை என்று கொண்டாடினார்கள். எனக்கு அந்த ஆறு வாரம்தான் உறுத்துகிறது. கேண்டஸ் பார்க்கர் 2008-இல் சிறந்த ரூக்கி, சிறந்த ஆட்டக்காரர் இரண்டையும் ஒரே ஆண்டில் வாங்கினார். மறு ஆண்டு தாயானார். பிறகும் 2023 வரை ஆடி, மூன்று வெவ்வேறு அணிகளுடன் பட்டம் வென்றார். மகப்பேறு விடுப்பில் முழுச் சம்பளம் என்பது 2020 ஒப்பந்தத்தில்தான் வந்தது. அதை வாங்கித் தந்தது ஆட்டக்காரர்களின் சங்கம்.

சம்பளமும் சொல்ல வேண்டும். 2024-இல் முதலாவதாகத் தேர்வான கிளார்க்கின் அடிப்படைச் சம்பளம் 76,535 டாலர். முந்தைய ஆண்டு ஆண்கள் லீகில் முதலாவதாகத் தேர்வான விக்டர் வெம்பன்யாமாவுக்கு முதல் பருவத்திலேயே 1 கோடியே 20 லட்சம் டாலருக்கும் மேல். லீகுகளின் வருமானம் வேறு என்பார்கள், உண்மைதான். ஐம்பது ஆண்டு முன்னால் தொடங்கிய கடைக்கு வாடிக்கை அதிகம். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் பெண்கள் குளிர்காலத்தில் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போனார்கள். டயானா டௌராசியின் ரஷ்ய அணி, 2015-இல் அமெரிக்கப் பருவத்தை ஆடாமல் ஓய்வெடுக்க அவருக்குப் பணம் கொடுத்தது. வருடம் முழுக்க ஓய்வில்லாமல் ஆடும் முழங்கால் எத்தனை ஆண்டு தாங்கும் என்று ரூக்கி அட்டவணையில் ஒரு பத்தி போட்டிருக்கிறார்களா?

அட்டவணை இன்னொன்றையும் மறைக்கும். 2023 கல்லூரி இறுதி ஆட்டத்தில் லூசியானா ஸ்டேட், அயோவாவை 102–85 என வென்றது. முடிவில் ரீஸ், கிளார்க்கை நோக்கி முகத்துக்கு முன் கையை ஆட்டிக் காட்டினார். அதே சைகையை அதே தொடரில் கிளார்க்கும் செய்திருந்தார். வெள்ளைப் பெண் செய்தபோது அது உற்சாகம், கறுப்புப் பெண் செய்தபோது திமிர். ஒப்பீடு என்று இரண்டு பெண்களை நிறுத்தும்போது, தராசு ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே எண்களுக்குப் போக வேண்டும்.

2024 ஜூலை 20 அன்று ஃபீனிக்ஸில் நட்சத்திர ஆட்டம் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் புறப்படவிருந்த அமெரிக்க அணியை எதிர்த்து லீகின் மற்ற நட்சத்திரங்கள் ஆடினார்கள். இந்த அணியில் கிளார்க்கும் ரீஸும் ஒன்றாக இருந்தார்கள். கிளார்க் பத்து அசிஸ்ட் கொடுத்தார். ரீஸ் 12 புள்ளிகள் எடுத்து, 11 பந்துகளைக் கைப்பற்றினார். கிளார்க் அனுப்பிய பந்தை ரீஸ் கூடையில் போட்டதும் அரங்கம் எழுந்து ஆரவாரித்தது. 117–109 என அவர்கள் வென்றார்கள். அந்த அணிக்குப் பயிற்சியாளராக அன்று கோட்டுக்கு வெளியே நின்றவர், அறுபது வயது செரில் மில்லர்.