காயலான் கடையும் நகரக் குப்பையும்

பழம்பொருள் வாங்கும் கடைக்குச் சென்னை மக்கள் இட்ட பெயர் ‘காயலான் கடை’. காயல்பட்டினத்தார் இவ்வணிகத்தில் ஈடுபட்டிருந்தமையால் இப்பெயர் எழுந்தது என்பர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ குறித்துவைத்த, அரபுக் குதிரைகள் வந்திறங்கிய காயல் துறையின் பெயர், இவ்வாறு பழைய இரும்போடு ஒட்டிக்கொண்டது. இதனை இழிவென்று எண்ணுவோர் உண்டு. பிறர் எறிந்ததில் பொருள் கண்ட தொழிலில் இழிவு என்ன இருக்கிறது?

அத்தொழிலின் அடிப்படை, பொருள்கள் ஒன்றோடொன்று கலவாதிருத்தல். இரும்பு வேறு, பித்தளை வேறு, தாள் வேறு என்று இருக்கும்வரைதான் அவற்றுக்கு விலை. குழம்பில் ஊறிய தாளை எவரும் தராசில் ஏற்றார்.

இவ்வுண்மையை மேனாட்டார் சட்டமாக்க முயன்றதுண்டு. 1883இல் பாரிஸ் நகரின் ஆட்சித் தலைவராயிருந்த யூஜின் புபெல், குப்பையை மூன்று கலங்களில் பிரித்திட ஆணையிட்டார். அழுகுவன ஒன்றில், தாளும் துணியும் ஒன்றில், கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகள் மற்றொன்றில். குப்பைத் தொட்டிக்கு அவர் பெயரே நிலைத்தது. பிரித்திடும் பழக்கமோ நிலைக்கவில்லை.

நம் சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியன முன்னாளில் ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்கள். சாணமும் சாம்பலும் அடுப்படிக் கழிவும் எருக்குழி சேர்ந்து வயலுக்கே திரும்பின. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. வயல்கள் மனைகளாயின. பட்டறைகளின் இரும்புத் துண்டுகளுக்கு விலை இருந்தது. அவை காயலான் கடையை அடைந்தன. எருவாக வேண்டிய வீட்டுக் குப்பைக்கோ போக்கிடம் இல்லை. பிளாஸ்டிக்கோடு கலந்து, அம்பத்தூரை அடுத்த அத்திப்பட்டில் அது மேடாகக் குவிந்தது.

2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. நகரின் எல்லை மாறியதே தவிர, மக்களின் பழக்கம் மாறவில்லை.

சட்டம் வாளாவிருந்ததென்று கூறவியலாது. 1996இல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக 2000இல் நகரக் கழிவு விதிகள் பிறந்தன. 2016ஆம் ஆண்டு விதிகள் ஈரக் குப்பை, உலர் குப்பை, தீங்கு விளைக்கும் குப்பை எனப் பிரித்துத் தரும் கடமையை வீட்டாரிடமே ஒப்படைத்தன. குப்பை பொறுக்கிப் பிழைப்போரையும் இவ்வேலையில் இணைத்துக்கொள்ளப் பணித்தன.

பின்னர் அத்திப்பட்டு மேட்டைக் கிளறிச் சலிக்கும் பணியை மாநகராட்சி மேற்கொண்டது. மண் வேறு, கல் வேறு, பிளாஸ்டிக் வேறு என இயந்திரங்கள் பிரித்தெடுத்தன. வீட்டு வாசலில் செலவின்றி முடிந்திருக்கக்கூடிய வேலை, பல்லாண்டுகள் கழித்துப் பொதுப்பணத்தில் நடந்தது.

குப்பையைப் பிரிக்காத வீட்டார், அவ்வேலை ஒழிந்ததென்று எண்ணற்க. அது தூய்மைப் பணியாளரின் கைக்கு மாறிவிடுகிறது. உடைந்த கண்ணாடியும் ஊசியும் அழுகிய சோறும் கலந்த மூட்டைக்குள் அவர் கைவிடுகிறார். காயலான் கடைக்காரர் நெடுங்காலமாய் அறிந்திருந்த எளிய பாடத்தை நாம் கற்கத் தாமதித்ததன் விலையை, அந்தக் கை இன்றும் செலுத்திக்கொண்டிருக்கிறது.