எண்ணப்பட்டவர்களும் மருந்து மறுக்கப்பட்டவர்களும்

அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண்களுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் 'விடிஆர்எல்' என்று ஒன்று உண்டு. சிபிலிஸ் என்னும் பால்வினை நோயைக் கண்டறியும் சோதனை அது. அந்த நான்கு எழுத்துகள் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் ஆய்வகம் ஒன்றின் பெயர்ச் சுருக்கம். ஒரு நாடு முழுவதும் சிபிலிஸ் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுக்க முன்னின்றது இந்தத் துறைதான். கணக்கில் சிக்கிய கறுப்பின ஏழைகளுக்கு 40 ஆண்டுகள் மருந்து கொடுக்காமல் வைத்திருந்ததும் இதே துறைதான். இரண்டையும் தனித்தனிக் கதைகளாகப் படிப்பதுதான் வழக்கம். நாம் சேர்த்துப் படிப்போம்.

1906-இல் ஜெர்மனியில் வாசர்மன் ரத்தப் பரிசோதனை வந்த பிறகுதான், வெளியே அறிகுறி தெரியாதவர்களிடமும் இந்த நோயைக் கண்டறிய முடிந்தது. அமெரிக்காவில் ரோசன்வால்ட் அறக்கட்டளையின் பணத்தில், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொதுச் சுகாதாரத் துறை ஆறு தென் மாநிலங்களில் தலா ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கறுப்பின மக்களின் ரத்தத்தைச் சோதித்தது. நோய் இருந்தவர்களுக்குச் சிகிச்சையும் அளித்தது.

அலபாமா மாநிலத்தின் மேக்கன் மாவட்டத்தில் சோதிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் நோய் இருந்தது. வர்ஜீனியாவின் அல்பமார்ல் மாவட்டத்திலோ பத்தில் ஒருவருக்கும் குறைவு. இரண்டு இடத்திலும் சோதிக்கப்பட்டவர்கள் கறுப்பின மக்களே. நோய்க்குக் காரணம் இனம் என்றால் இந்த வித்தியாசம் எப்படி வந்தது? மேக்கனில் இருந்தவர்கள் பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனில் மூழ்கிய குடும்பங்கள். மருத்துவர் முகத்தையே பார்க்காதவர்கள் அவர்களில் ஏராளம். கறுப்பினச் சமூகவியலாளர் சார்லஸ் ஜான்சன் அங்கே 600-க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஆராய்ந்து, பண்ணை முறை அவர்கள் வாழ்வை எப்படி அழுத்தி வைத்திருந்தது என்று 1934-இல் நூலாக வெளியிட்டார். நிலமும் கூலியும் மருத்துவமும்தான் நோயைத் தீர்மானிக்கின்றன என்பதற்கான சான்று அரசின் கையிலேயே இருந்தது.

பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, அறக்கட்டளையின் பணம் நின்றது, சிகிச்சையும் நின்றது. 1932-இல் அதே மேக்கனில் பொதுச் சுகாதாரத் துறை வேறொரு வேலையைத் தொடங்கியது. நோயுள்ள 399 கறுப்பின ஆண்களையும் நோயில்லாத 201 பேரையும் பதிவுசெய்தது. சிகிச்சை இல்லாவிட்டால் சிபிலிஸ் உடம்பை என்ன செய்யும் என்று பார்ப்பதே நோக்கம். உங்களுக்கு 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் அவர்களிடம் சொன்னார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்ததை இலவச விசேஷ சிகிச்சை என்றார்கள். இதுதான் டஸ்கீகி ஆய்வு.

இதே காலத்தில்தான் தேசிய அளவிலான பிரச்சாரமும் சூடுபிடித்தது. 1934-இல் நியூயார்க் மாநிலச் சுகாதார ஆணையர் தாமஸ் பாரன் வானொலியில் பேசவிருந்தபோது, 'சிபிலிஸ்' என்ற சொல்லை உச்சரிக்கக்கூடாது என்றது நிலையம். அவர் பேச மறுத்துவிட்டார். 1936-இல் அவரே பொதுச் சுகாதாரத் துறையின் தலைவரானார். 1938-இல் பால்வினை நோய்க் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, மாநிலங்களுக்கு மத்திய அரசின் நிதி கிடைத்தது. இரண்டாம் உலகப்போருக்கு ஆள் எடுத்தபோது லட்சக்கணக்கான இளைஞர்களின் ரத்தம் சோதிக்கப்பட்டது. கறுப்பினத்தவர் விகிதம் வெள்ளையரைவிடப் பல மடங்கு என்று அட்டவணைகள் வெளியாயின. அது அவர்களுடைய ஒழுக்கக்கேடு என்று வாசிக்கப்பட்டது.

அந்த அட்டவணைகளை நாம் கேள்வி கேட்க வேண்டும். மலேரியா வந்தவருக்கும் அக்காலச் சோதனை சிபிலிஸ் என்று பொய்யாகக் காட்டக்கூடும். தென் மாநிலங்களின் கிராமங்களில் மலேரியா மலிந்திருந்தது. தனியார் மருத்துவர் பணம் தரும் நோயாளியின் மானத்தைக் காக்க அரசுக்குத் தெரிவிக்காமல் விடலாம். இலவச மருத்துவமனைக்கு வரும் ஏழைக்கு அந்த மறைவு கிடையாது. அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. படைக்கு ஆள் எடுத்தபோது, நோய் கண்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும்படி உத்தரவு இருந்தது. டஸ்கீகி ஆய்வில் இருந்தவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று அவர்களின் பெயர்ப் பட்டியலையே அதிகாரிகள் அனுப்பிவைத்தார்கள்.

1943-இல் பெனிசிலின் சிபிலிஸைக் குணப்படுத்தும் என்று தெரியவந்தது. நாடெங்கும் நோய் வேகமாகக் குறைந்தது. மேக்கனில் அந்த ஆண்களுக்கு மட்டும் அது எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். மனைவிமாருக்குத் தொற்றியது; நோயோடு பிள்ளைகள் பிறந்தன. அத்துறையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் 1966 முதல் ஆட்சேபித்தும் பயனில்லை. 1972 ஜூலையில் செய்தியாளர் ஜீன் ஹெல்லர் வழியே உண்மை நாளிதழ்களில் வெளியான பிறகே ஆய்வு நின்றது. அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997-இல்.

கதை முடியவில்லை. 2022-இல் அமெரிக்காவில் 2,07,255 சிபிலிஸ் நோயாளிகள் பதிவானார்கள். 1950-க்குப் பின் அதுவரை பதிவானவற்றில் இதுவே அதிகம். 3,755 குழந்தைகள் தாயிடமிருந்து பெற்ற நோயோடு பதிவானார்கள். உரிய காலத்தில் சோதித்துச் சிகிச்சை தந்திருந்தால் இவற்றில் பத்தில் ஒன்பதைத் தடுத்திருக்கலாம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது. பிறக்கும் குழந்தைகளிடம் இதன் விகிதம் மிக அதிகமாக இருப்பது மண்ணின் மைந்தர்களான அமெரிக்கப் பூர்வகுடிகளிடம். நோயைத் தீர்க்கும் மருந்து கண்டுபிடித்து எண்பது ஆண்டுகள் ஆகின்றன.

சாதிவாரிக் கணக்கெடுப்பைக் கேட்பவர்கள் நாம். அந்தக் கோரிக்கையில் பின்வாங்கத் தேவையில்லை. கணக்கு இல்லாவிட்டால் நம் பிள்ளைகளின் சாவு சராசரிக்குள் மறைந்துபோகும். ஆனால் கணக்கு கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடாது. சாதி என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் நிலம், கூலி, குடிநீர், மருத்துவமனைக்குள்ள தூரம் ஆகிய கட்டங்கள் இருக்கின்றனவா? எண்ணியவர்கள் பிறகு மருந்தோடு திரும்பி வந்தார்களா? மேக்கன் மக்களைப் பலமுறை எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையை என்ன செய்வது என்று முடிவெடுத்த அறையில் அவர்களில் ஒருவருக்கும் இடமில்லை. நாம் கேட்க வேண்டியது அந்த அறையில் நமக்கான நாற்காலியையும் சேர்த்துத்தான்.