நிரலைச் சோதிக்கும் நிரல்

ஒரு கணினி நிரலில் பிழை உண்டா இல்லையா என்பதை இன்னொரு நிரலே சோதித்துச் சொல்லிவிட்டால் எவ்வளவு வசதி! ஆனால், இந்த ஆசைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மின்னணுக் கணினிகள் தோன்றுவதற்கு முன்பே, 1936இல், இங்கிலாந்தின் ஆலன் டியூரிங் காட்டிவிட்டார்.

அவருடைய வாதத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம். எந்த நிரலைக் கொடுத்தாலும் ‘இது வேலை முடிந்து நிற்கும்’ என்றோ, ‘நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்’ என்றோ தவறாமல் சொல்லும் ஒரு சோதனை நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதனிடம் தன்னைப் பற்றியே கேட்டு, வரும் பதிலுக்கு நேர்மாறாக நடக்கும் குறும்புக்கார நிரல் ஒன்றை எழுதிவிடலாம். ‘நிற்கும்’ என்றால் ஓடும். ‘ஓடும்’ என்றால் நிற்கும். சோதனை நிரல் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். ஆகவே, அப்படியொரு நிரல் இருக்கவே முடியாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 1996 ஜூன் 4ஆம் தேதி, ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய சுமார் 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. நான்கு ஆய்வுத் துணைக்கோள்களும் அதனுடன் போயின. காரணம், பழைய ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்து வந்த நிரல். 32,767 வரை மட்டுமே கொள்ளும் இடத்தில் அதைவிடப் பெரிய எண்ணைத் திணிக்கப் போய் வழிகாட்டும் கணினி நின்றுபோனது. மாற்றுக் கணினி இருந்தது. அதிலும் அதே நிரல்தான்! இதில் இன்னொரு கொடுமை, ராக்கெட் தரையை விட்டு எழும்பிய பிறகு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை.

டியூரிங்கின் தடையைச் சுற்றிப் போகும் வழியை பிரான்சின் பாட்ரிக் கூசோ, ராடியா கூசோ தம்பதியர் 1977லேயே வகுத்திருந்தனர். சோதனை நிரல் ஒவ்வோர் எண்ணையும் துல்லியமாகப் பின்தொடர வேண்டாம். அது எந்த எல்லைக்குள் இருக்கும் என்று தாராளமாக மதிப்பிட்டால் போதும். சந்தேகம் வந்தால் ‘தெரியவில்லை’ என்று எச்சரிக்கலாம். ‘பிழை இல்லை’ என்று சொன்னால் மட்டும் அது பொய்யாகக் கூடாது. அடக்கமான இந்த ஏற்பாடுதான் பலன் தந்தது.

இவ்வழியில் உருவான ‘அஸ்த்ரே’, 2003 நவம்பரில், ஏர்பஸ் ஏ340 விமானத்தை இயக்கும் முதன்மை நிரலின் 1,32,000 வரிகளை 1 மணி 20 நிமிடத்தில் ஆராய்ந்து, ஏரியனை வீழ்த்தியது போன்ற பிழை எதுவும் அதில் இல்லை என்று நிரூபித்தது. விமானி நினைத்தபடி விமானம் திரும்புமா என்பது அதனிடம் கேட்கப்படாத கேள்வி. அதற்குச் சோதனைப் பறப்புகளே பதில் சொல்ல வேண்டியிருந்தது.