பெற்றோர் குழுவை யார் நடத்துவது? நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கேள்வி

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுப் பெற்றோர் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டி வட்டமாக உட்கார வைக்கிறார்கள். வாரம் இரண்டு மணி நேரம், சுமார் மூன்று மாதம். குழந்தை அடம்பிடித்தால் என்ன செய்வது, கை நீட்டாமல் எப்படிக் கண்டிப்பது, அதோடு சேர்ந்து எப்படி விளையாடுவது என்று பேசுகிறார்கள். பல நாடுகளில் இன்று இது சாதாரண விஷயம். இந்த வகுப்புகளின் பாடத்திட்டம் பற்றி நிறைய எழுத்து கிடைக்கிறது. ஆனால் அந்த வட்டத்தில் உட்கார்ந்து நடத்துகிறாரே ஒருவர், அவரை எங்கிருந்து பிடித்தார்கள், எப்படித் தயார் செய்தார்கள்? கொஞ்ச நாளாக இதைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதன் குறிப்புகள் இவை.

கதை 1888இல் நியூயார்க்கில் தொடங்குகிறது. ஃபெலிக்ஸ் அட்லர் என்ற சீர்திருத்தவாதியின் தூண்டுதலில் ஐந்து தாய்மார்கள் சேர்ந்து, குழந்தைகளின் இயல்பை ஆராய ஒரு சங்கம் வைத்தார்கள். நூல்களைப் படித்து, தங்கள் பிள்ளைகளோடு ஒப்பிட்டு விவாதிப்பது அவர்கள் வேலை. பயிற்சி பெற்ற தலைவர் என்று யாரும் கிடையாது. படித்த, வசதியான வீட்டுப் பெண்கள் என்பதால் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. இதுவே வளர்ந்து 1924இல் அமெரிக்கக் குழந்தை ஆய்வுச் சங்கம் என்ற பெயருக்கு வந்தது.

1920களில் நிலைமை மாறியது. லாரா ஸ்பெல்மன் ராக்ஃபெல்லர் நினைவு நிதி பெற்றோர் கல்விக்குப் பெரிய அளவில் பணம் கொடுத்தது. பல்கலைக்கழகங்கள் உள்ளே வந்தன. நிபுணரின் குரல் ஓங்கிய காலம் அது. நடத்தையியல் உளவியலாளர் ஜான் வாட்சன் 1928இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காதீர்கள், காலையில் கை குலுக்குங்கள் போதும் என்றே ஆலோசனை சொன்னார்! மேடையில் இருப்பவர் சொல்வார், கீழே இருப்பவர் குறித்துக்கொள்வார் என்ற ஏற்பாட்டில் இந்த மாதிரி யோசனைகளை எதிர்த்துக் கேட்க வழியில்லை. "என் பிள்ளைக்கு இது சரிவராதுங்க" என்று ஒரு அம்மா சொல்ல அங்கே இடமே இல்லை.

பிறகு பொருளாதாரப் பெருமந்தம். 1933இல் அமெரிக்க அரசு அவசரகால மழலையர் பள்ளிகளைத் திறந்தது. வேலையில்லாமல் இருந்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. பெற்றோர் கல்வியும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்திருந்தது. சீக்கிரம் ஆள் வேண்டும், நிறைய வேண்டும், குறைந்த செலவில் வேண்டும் என்ற நெருக்கடி இந்தத் துறைக்குப் பழக்கமானது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அது இன்றுவரை விடவில்லை.

குழு நடத்துவது தனியாகக் கற்க வேண்டிய ஒரு வேலை என்பதை நிதானமாக எழுதி வைத்தவர் அலீன் ஆவர்பாக். மேலே சொன்ன குழந்தை ஆய்வுச் சங்கத்தில் இருந்தவர். 1950களில் சங்கம் சமூகப் பணியாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் பெற்றோர் குழு நடத்தப் பயிற்சி கொடுத்தது. அந்த அனுபவத்தோடு 1968இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அவர் நிலைப்பாடு எளிமையானது. இது சொற்பொழிவும் இல்லை, மனநல சிகிச்சையும் இல்லை. பேசுபொருள் பெற்றோரிடமிருந்து வர வேண்டும். நடத்துபவர் அதைக் கோத்துக் கொடுக்க வேண்டும்.

நம்மூர் பயிற்சி முகாம்களில் வகுப்பெடுக்க வருகிறவரைக் 'கருத்தாளர்' என்கிறோம். கருத்து அவரிடம் இருக்கிறது, நமக்குத் தருகிறார் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆவர்பாக் தயார் செய்ய விரும்பியது நேர் எதிரான ஆளை.

அடுத்து பெட்டிக் காலம். தாமஸ் கார்டன் 1962இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் தன் பெற்றோர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். கார்ல் ரோஜர்ஸின் வழியில் வந்தவர். காது கொடுத்துக் கேட்பதையே ஒரு திறனாகக் கற்றுக்கொடுத்தார். 1976இல் டிங்க்மேயரும் மெக்கேயும் ஒரு முழுத் தொகுப்பையே வெளியிட்டார்கள். நடத்துபவருக்கான கையேடு, ஒலிநாடா எல்லாம் உள்ளே இருந்தது. கையேட்டை வைத்துக்கொண்டு யாரும் குழு நடத்தலாம் என்றானது. நல்ல வகுப்பு வெகுதூரம் போக இது உதவியது. ஆனால் நடத்துபவரின் திறமையையும் ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட முடியுமா?

இதை ஆய்வாகவே செய்து பார்த்தவர் சியாட்டிலில் இருந்த கரோலின் வெப்ஸ்டர்-ஸ்டிராட்டன். செவிலியராகவும் உளவியலாளராகவும் பயின்றவர். பெற்றோரும் குழந்தையும் பழகும் சின்னச் சின்ன வீடியோ காட்சிகளைப் போட்டு, நிறுத்தி, குழுவைப் பேச வைப்பது அவர் முறை. 1988இல் வெளியான ஆய்வில் 114 குடும்பங்களைப் பிரித்தார். ஒரு பிரிவினர் வீடியோவைத் தாங்களே தனியாகப் பார்த்தார்கள். இன்னொரு பிரிவுக்கு வீடியோ இல்லாத கலந்துரையாடல். மூன்றாவதற்கு வீடியோவும் கலந்துரையாடலும். நான்காவது பிரிவு காத்திருப்புப் பட்டியலில் இருந்தது. முதலில் மூன்று முறைகளுமே பலன் தந்தன. வீடியோ மட்டும் பார்த்தவர்கள்கூட முன்னேறினார்கள், அதுவும் மிகக் குறைந்த செலவில். ஆனால் மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது, முன்னேற்றம் குலையாமல் நின்றது வீடியோவும் குழுப்பேச்சும் சேர்ந்த பிரிவில் மட்டும்தான்.

இனி பிரிட்டனுக்கு வருவோம். 1990களின் கடைசியில் அரசு, ஏழைப் பகுதிகளின் சிறு குழந்தைகளுக்காக 'ஷ்யூர் ஸ்டார்ட்' திட்டத்தைத் தொடங்கியது. எந்தச் சேவையை, எப்படித் தருவது என்பதை அந்தந்தப் பகுதியே தீர்மானிக்கலாம். நல்ல ஜனநாயக ஏற்பாடுதான். ஆனால் இங்கிலாந்தில் செய்த முதல் மதிப்பீடுகளில் பலன் சொற்பமாகவே தெரிந்தது. மிகவும் நலிந்த குடும்பங்களில் சில விஷயங்கள் சற்று மோசமாகக்கூட இருந்தன.

அதே திட்டத்தின் கீழ் வேல்ஸில் ஜூடி ஹட்சிங்ஸ் குழுவினர் வேறு மாதிரி செய்தார்கள். 11 பகுதிகள், 153 குடும்பங்கள், மூன்று நான்கு வயதுக் குழந்தைகள். சியாட்டில் முறையில் 12 வார வகுப்பு. நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் இல்லை. அங்கேயே வேலை பார்த்த குடும்ப நலப் பணியாளர்களும், வீடு வீடாகப் போகும் செவிலியர்களும்தான். ஆனால் அவர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்ததோடு, வகுப்பு நடந்த காலம் முழுக்க வாராவாரம் கூட்டி உட்கார வைத்து, எங்கே சறுக்கியது என்று பேசினார்கள். 2007இல் முடிவு வந்தது. குழந்தைகளின் முரட்டு நடத்தை குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதே வகுப்புகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு. இதில் பெற்றோரைப் பார்ப்பதோடு நடத்துபவரையும் கூர்ந்து பார்த்து எண்ணினார்கள். எத்தனை முறை பாராட்டினார், பெற்றோர் சொன்னதை எத்தனை முறை உள்வாங்கித் திருப்பிச் சொன்னார் என்று. 2010இல் வெளியான முடிவு இது: பாராட்டத் தெரிந்தவர் நடத்திய குழுவில், பெற்றோரும் வீட்டில் குழந்தையிடம் அப்படியே மாறினார்கள். பெற்றோர் வீட்டுக்குக் கொண்டுபோனது தங்களை அங்கே ஒருவர் நடத்திய விதத்தை. "கத்தாதீங்க" என்று சிடுசிடுத்துக்கொண்டே பாடம் எடுத்தால் வீட்டுக்குப் போய்ச் சேர்வது சிடுசிடுப்புதான்.

அப்படியானால் பட்டம் படித்தவரால்தான் இது முடியுமா? தெற்கு லண்டனின் சதக் பகுதியில் அதையும் சோதித்தார்கள். அந்தந்தத் தெருவின் அப்பா அம்மாக்களையே பயிற்றுவித்து எட்டு வாரக் குழுக்களை நடத்த விட்டார்கள். பின்னால் ஒரு நிபுணர் மேற்பார்வை இருந்தது. 116 குடும்பங்களில் செய்த இந்த ஆய்வு 2012இல் வந்தது. பலன் இருந்தது, வந்தவர்களில் பெரும்பாலோர் கடைசி வாரம்வரை தொடர்ந்தார்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இவ்வளவுதான். நடத்துபவர் டாக்டரா, செவிலியரா, பக்கத்து வீட்டு அம்மாவா என்பது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. அவருக்குப் பயிற்சி கிடைத்ததா, அதன்பிறகு வாராவாரம் உட்கார்ந்து கேட்க ஒருவர் இருந்தாரா என்பதுதான் விஷயம். சிக்கல் என்னவென்றால், பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னால் எந்தத் திட்டத்திலும் முதலில் வெட்டுப்படுவது இந்த இரண்டாவது வரிதான். கையேடு கண்ணுக்குத் தெரியும், எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் கணக்கில் வரும். புதன்கிழமை மாலை இரண்டு பேர் உட்கார்ந்து "அந்த அம்மா அழுதப்போ நான் என்ன செஞ்சிருக்கணும்?" என்று பேசிக்கொள்வது எந்த அறிக்கையிலும் வராது. அதை நிறுத்தினாலும் வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கும், பலன் மட்டும் இருக்காது.