மடிசன் வீதியில் ஒரு மாதம்

நூற்றாண்டு மலருக்குத் தொழில் தெரிவு பற்றி ஒரு வைத்தியர் எழுதினால், வைத்தியத்துறையைப் பற்றித்தான் எழுதுவார் என்று நினைப்பீர்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் ஆடை அலங்காரச் சஞ்சிகை ஒன்றின் கதை. அதில் எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி உண்டு.

'மாட்மொய்செல்' 1935 இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்டது. படித்த இளம்பெண்களே அதன் வாசகர்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டில் கல்லூரிச் சிறப்பிதழ் வெளிவரும். விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் பெண்கள் புதிய உடுப்பு வாங்கும் காலம் அது, விளம்பரங்களும் குவியும். அந்த இதழைத் தயாரிக்க மாணவிகளையே அழைக்கும் 'விருந்தினர் ஆசிரியர்' திட்டம் 1939 இல் தொடங்கியது. நாடெங்கிலுமிருந்து போட்டியிட்டுத் தெரிவானவர்கள், பிற்காலத்தில் ஏறக்குறைய இருபது பேர், ஜூன் மாதத்தில் மடிசன் வீதி அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். 1937 முதல் 1971 வரை பிரதம ஆசிரியராக இருந்தவர் பெட்சி டால்பட் பிளாக்வெல் என்ற பெண்மணி. பெரிய அலுவலகம் ஒன்றைப் பெண் ஒருவர் நடத்துவதை அந்த மாணவிகள் கண்ணால் கண்டார்கள்.

அவர்கள் தங்கியது பெண்களுக்கு மட்டுமான பார்பிசன் ஹோட்டலில். மேல்மாடி அறைகளுக்கு ஆண்கள் போக முடியாது. எங்கள் விடுதிச் சட்டங்களை இன்னும் மறக்காத தோழிகளுக்கு இது புதினமாக இராது!

1953 இல் வந்தவர்களில் ஒருவர் ஸ்மித் கல்லூரி மாணவி சில்வியா பிளாத், வயது இருபது. முகாமை ஆசிரியர் சிரிலி ஏபல்ஸின் கீழ், வந்த எழுத்துப் பிரதிகளைப் படிப்பதும் நிராகரிப்புக் கடிதங்கள் எழுதுவதும் அவர் வேலை. அந்த ஆண்டுக் குழுப் படத்தில் எல்லோரும் கட்டம் போட்ட பாவாடை அணிந்து, நட்சத்திர வடிவில் கைகோத்துச் சிரிக்கிறார்கள். பரிசுகளாகவே வாங்கிக் குவித்த அந்தப் பிள்ளை களைத்துப்போய் வீடு திரும்பினார். சேர விரும்பிய எழுத்து வகுப்பிலும் இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். சிகிச்சை பெற்றுத் திரும்பி, 1955 இல் மிகச் சிறந்த சித்தியுடன் பட்டம் பெற்றார். அந்த ஜூன் மாதத்தை வைத்து அவர் எழுதிய 'த பெல் ஜார்' நாவல் 1963 ஜனவரியில் வெளிவந்தது. அடுத்த மாதமே, முப்பது வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

அதே வாசலால் நுழைந்த மற்றவர்கள் வேறு வேறு திசைகளில் போனார்கள். 1955 இல் வந்த ஜோன் டிடியன், அடுத்த ஆண்டு 'வோக்' சஞ்சிகையின் பரிசை வென்று அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, பெரிய எழுத்தாளரானார். 1956 இல் வந்த கறுப்பின மாணவி பார்பரா சேஸ், சிற்பியாகவும் நாவலாசிரியராகவும் புகழ்பெற்றார். 1951 இல் 'வோக்' பரிசை வென்ற ஜாக்குலின் பூவியர் அந்த வேலையை ஏற்கவில்லை. பின்னாளில் ஜனாதிபதி கென்னடியின் மனைவியாக உலகறிந்த அவர், 1975 இல், நாற்பத்தாறு வயதில், ஒரு பதிப்பகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, இறக்கும்வரை அத்துறையில் இருந்தார்.

உயர்தரத்துக்கு உயிரியலா, கணிதமா, கலையா, வர்த்தகமா என்று எங்கள் பிள்ளைகள் பதினாறு பதினேழு வயதில் முடிவெடுக்கிறார்கள். பெரும்பாலானோர் அதற்குமுன் ஒரு வேலைத்தலத்தின் உட்பக்கத்தைப் பார்த்ததில்லை. தலையிடி, நித்திரையின்மை என்று தாய்மார் என்னிடம் கூட்டிவரும் பிள்ளைகளில் வகுப்பில் முதலாம் பிள்ளைகளும் உண்டு. "அவள் கெட்டிக்காரி டொக்டர், அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார்கள். பிளாத்தைப் பற்றியும் 1953 இல் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் கிடைக்கின்றன. வங்கி, பத்திரிகை, ஆய்வுகூடம், நீதிமன்றம், ஆடைத் தொழிற்சாலை என்று எங்கள் பழைய மாணவிகள் இல்லாத இடமில்லை. ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையை ஒரு வாரம் பக்கத்தில் இருத்தி வேலையைக் காட்டுவோம். வெளிநாட்டில் இருக்கும் அக்காமார் திரைவழியே பேசலாம். வேலையைக் காட்டும்போதே "சாப்பிட்டியா, நித்திரை கொள்ளுறியா, உனக்கு இது பிடிச்சிருக்கா?" என்றும் கேட்போம். என் வாட்டில் ஓர் இடம் இப்போதே தயார்.