காற்றுத் தடையின் கதை



வண்டியை ஓடச் செய்வது எளிது. ஓடுகின்ற வண்டியை வேண்டிய இடத்தில் நிறுத்துவதே அரிது. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி சரிவில் இறங்கும்போது வண்டிக்காரர் படும் பாட்டைக் கண்டவர்கள் இதை உணர்வார்கள். இன்று தாம்பரத்தின் ஊடே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், 40 டன்னுக்கு மேற்பட்ட எடையோடு டிரெய்லர் லாரிகள் விரைகின்றன. அவற்றை ஒரு மனிதர் தம் ஒற்றைக் காலால் நிறுத்துகிறார். இஃது எவ்வாறு இயலுகிறது? இந்தக் கேள்விக்கு விடையாக ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

இவ்வரலாறு தண்டவாளத்தில் தொடங்குகிறது. முற்காலப் புகைவண்டிகளில் பிரேக்குக்காரர்கள் பெட்டிக்குப் பெட்டி சென்று, சக்கரத்தைத் திருகித் தடையை இறுக்குவார்கள். இதனால் காலதாமதமும் நேர்ந்தது. உயிர்ச் சேதமும் நேர்ந்தது. அமெரிக்க நாட்டு இளைஞரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைப்போர், அழுத்தப்பட்ட காற்றைக் குழாய் வழியே நெடுந்தொலைவு செலுத்தித் துளையிடும் கருவிகளை இயக்குகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் அவர் படித்தார். அத்தனை தொலைவு சென்று பாறையைத் துளைக்கும் காற்று, புகைவண்டியின் கடைசிப் பெட்டி வரை சென்று சக்கரத்தைப் பிடிக்காதா என்று எண்ணினார். 1869ஆம் ஆண்டில், தமது 22ஆம் வயதில், காற்றுத் தடைக்கு உரிமை பெற்றார். பள்ளிப் பாடத்துக்கு அப்பாலும் நீங்கள் படிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆயின், அந்த முதற் கருவியில் ஒரு பெருங்குறை இருந்தது. காற்று வந்தால் பெட்டிகள் நிற்கும். குழாய் அறுந்தால் காற்று வாராது, தடையும் விழாது. ஆபத்து நேரும் வேளையில்தானே குழாய் அறுபடும்? எந்த நேரத்தில் கருவி மிகவும் தேவையோ, அந்த நேரத்திலேயே அது கைவிட்டுவிடும். வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் தம் திட்டத்தையே தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு காற்றுத் தொட்டியும், 'மூவழி வால்வு' என்னும் உறுப்பும் அமைத்தார். குழாயில் அழுத்தம் நிறைந்திருக்கும் வரை சக்கரம் விடுபட்டு ஓடும். அழுத்தம் குறைந்தால், பெட்டியில் உள்ள தொட்டியின் காற்றே பாய்ந்து தடையை இறுக்கும். இனி, குழாய் அறுந்தால் வண்டி தானே நிற்கும்.

இம்மாற்றத்தின் அருமையை உலகம் கண்ணீரோடு உணர்ந்தது. 1889 ஜூன் 12ஆம் நாள், அயர்லாந்தில் அர்மா என்னும் ஊரின் அருகே, ஞாயிறு பள்ளிச் சிறுவர்கள் பலரை ஏற்றிச் சென்ற உல்லாசப் பயண வண்டி ஏற்றத்தில் ஏறமாட்டாமல் நின்றது. முன்பகுதியை மட்டும் இழுத்துச் செல்ல எண்ணி, வண்டியை இரண்டாகப் பிரித்தார்கள். அதிலிருந்த வெற்றிடத் தடை தானே இயங்கும் வகையைச் சேர்ந்ததன்று. ஆதலால், கழற்றப்பட்ட பின்பகுதியைப் பிடித்து நிறுத்தப் போதிய வலிமை இல்லை. அது சரிவில் உருண்டோடி, பின்னால் வந்த வண்டியில் மோதியது. 80 பேர் மாண்டனர்; அவர்களுட் பலர் சிறுவர் சிறுமியர். அதே ஆண்டில், பயணிகள் வண்டிகளுக்குத் தானியங்கித் தொடர்தடை வேண்டும் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. குழந்தைகளின் உயிரைக் கொடுத்து வாங்கிய சட்டம் அது.

நம் நாட்டு ரயில்களில் நெடுங்காலம் வழங்கியது தானே இயங்கும் வெற்றிடத் தடை. பின்னர் காற்றுத் தடை பரவியது. இரண்டிலும் ஒரே நெறிதான். ரயிலில் ஆபத்துச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பது ஏன்? சங்கிலியின் வலிமையால் அன்று. குழாயின் அழுத்த நிலை குலைவதால்தான்.

இனிச் சாலைக்கு வருவோம். காரில் எண்ணெயின் அழுத்தத்தால் தடை இயங்குகிறது. பெரிய லாரிக்குக் காற்றே உகந்தது. காற்று எங்கும் உள்ளது. சிறிது கசிந்தாலும், எஞ்சினால் சுழலும் காற்றழுத்தி அதை மீண்டும் நிரப்பிவிடும். டிரெய்லரை மாட்டுவதும் கழற்றுவதும் எளிது. ஓட்டுநரின் கால் ஒரு வால்வைத் திறக்கிறது, அவ்வளவே. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோகிராம் அழுத்தமுள்ள காற்று, 200 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சவ்வைத் தள்ளினால் 1,400 கிலோகிராம் விசை கிடைக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பெருங்களத்தூர் சிக்னலில் லாரி 'உஸ்' என்று பெருமூச்சு விடுவதைக் கேட்டிருப்பீர்கள். வேலை முடிந்த காற்று வெளியேறும் ஒலி அது.

வெஸ்டிங்ஹவுஸின் நெறி இங்கும் வாழ்கிறது. இழுக்கும் வண்டியிலிருந்து டிரெய்லருக்கு இரண்டு குழாய்கள் செல்லும். ஒன்று தொட்டியை நிரப்பும். மற்றொன்று கட்டளையைக் கொண்டு செல்லும். நிரப்பும் குழாய் அறுந்தால், டிரெய்லர் தன் தொட்டியிலுள்ள காற்றைக் கொண்டு தானே தடையை இறுக்கிக்கொள்ளும். நிறுத்தி வைப்பதற்குரிய தடையிலோ வலிய சுருள்வில் ஒன்று உண்டு. காற்று அந்த வில்லை அடக்கி வைத்திருக்கும். காற்று போனால் வில் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். ஆகவேதான், அழுத்தம் ஏறும் வரை காத்திருந்து ஓட்டுநர் புறப்படுகிறார்.

இக்கலையில் நம் சென்னைக்கும் பங்குண்டு. 1962இல் தோன்றிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனம், இங்கிலாந்தின் கிளேட்டன் டிவான்டர் நிறுவனத்தின் கூட்டுறவோடு, பாடியில் காற்றுத் தடைக் கருவிகளைச் செய்தது. அதன் தடைப் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. பின்னர் அப்பிரிவு வாப்கோ என்னும் பெயரோடு இணைந்தது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவிய கம்பெனியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே அப்பெயர். 2022 முதல் அந்நிறுவனம் இசட்.எஃப். பெயரில் இயங்குகிறது. தாம்பரத்துக்குத் தெற்கே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலும் அதற்கு ஆலை உண்டு.

மாணவர்களே, ஒன்றை மட்டும் மறவாதீர்கள். குழாயில் காற்று ஓடிப் பின்சக்கரத்தை அடையச் சிறிது நேரம் ஆகும். தடை பிடித்த பின்னும் பெரும்பாரம் சில தூரம் ஓடியே நிற்கும். ஆதலால், ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்கு முன்னால் குறுக்கே பாயாதீர்கள். மிதிவண்டியில் அதன் முன் நுழையாதீர்கள். தான் பழுதுபடும் வேளையிலும் பிறரைக் காக்குமாறு ஒரு கருவியை அமைத்தார்கள் அறிஞர்கள். அக்கருவிக்கு வேண்டிய இடமும் காலமும் தருவது நம் கடமை.